ஒரு சொல் சட்டத்துக்குள் வந்த வழி: அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களின் உருவாக்க வரலாற்றைத் தேடும் முறை

அமெரிக்காவில் ஒருவரை வேலைக்குச் சேர்க்கும்போதும் வேலையிலிருந்து நீக்கும்போதும் அவருடைய இனம், நிறம், மதம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காரணமாகக் கொண்டு பாகுபாடு காட்டக் கூடாது என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி விதிக்கிறது. இந்த ஐந்தில் நான்காவதாக நிற்கும் ‘பால்’ என்னும் சொல், ஆண்பால் பெண்பால் என்று நாம் இலக்கணத்தில் படிக்கும் அதே பொருளில் வருவது, மசோதா குழுவிலிருந்து சபைக்கு வந்தபோது அந்தப் பட்டியலில் இல்லை. 1964 பிப்ரவரி 8, சனிக்கிழமையன்று, பிரதிநிதிகள் சபையில் விவாதம் நடந்துகொண்டிருந்தபோது, வர்ஜீனியா மாநில உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித் அதைச் சேர்க்கும்படி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். அவர் மசோதா முழுவதையுமே எதிர்த்தவர். மசோதாவை முன்னின்று நடத்திய நீதித்துறைக் குழுத் தலைவர் இமானுவேல் செல்லரோ இந்தத் திருத்தத்தை எதிர்த்தார். திருத்தம் 168-133 என்ற கணக்கில் ஏற்கப்பட்டது. அடுத்த இரண்டு நாளில் சபை மசோதாவையும் நிறைவேற்றிவிட்டது.

சட்டத்தின் வாசகத்தை எத்தனை முறை படித்தாலும் இந்தச் செய்தி அதில் கிடைக்காது. அது வேறு தாள்களில் இருக்கிறது: மசோதாவின் அடுத்தடுத்த வடிவங்கள், குழு அறிக்கைகள், சாட்சிய விசாரணைத் தொகுதிகள், சபை விவாதப் பதிவுகள், வாக்கெடுப்புக் கணக்குகள், அதிபரின் செய்திகள். ஒரு சட்டம் கருக்கொண்ட நாளிலிருந்து அதிபர் கையெழுத்திட்ட நாள் வரை பிறந்த இந்தத் தாள்கள் அனைத்தையும் சேர்த்து அந்தச் சட்டத்தின் உருவாக்க வரலாறு என்கிறோம். அவற்றைத் தேடிப் படிக்கப் புதிதாக முனைகிறவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் ‘காங்கிரஸ்’ என்று வரும் இடமெல்லாம் பிரதிநிதிகள் சபையும் செனட் சபையும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தையே குறிக்கும். நம் ஊர்க் கட்சியின் நினைவு வந்தால் அதைச் சற்று ஒதுக்கிவைக்க வேண்டும்.

ஒரு சட்டத்துக்கு அதன் வாசகமே போதாதா, பிறந்த கதை எதற்கு என்று கேட்கலாம். 1885ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வெளிநாட்டவரை ஒப்பந்தம் செய்து ‘எவ்வகையான உழைப்புக்கோ சேவைக்கோ’ அமெரிக்காவுக்கு அழைத்து வருவதைத் தடைசெய்தது. நியூயார்க்கில் உள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயம் இங்கிலாந்திலிருந்து ஒரு போதகரை ஒப்பந்தம் செய்து வரவழைத்தபோது, வாசகப்படி பார்த்தால் அது குற்றம்தான். ஆனால் 1892இல் உச்ச நீதிமன்றம் தேவாலயத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு நீதிமன்றம் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று செனட் குழுவின் அறிக்கை. ‘உழைப்பு’ என்பதை ‘உடலுழைப்பு’ என்று மாற்றியிருப்போம், ஆனால் அந்தக் கூட்டத்தொடரிலேயே மசோதா நிறைவேற வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம் என்று அந்தக் குழுவே அதில் எழுதியிருந்தது. வாசகத்துக்கு வெளியே உள்ள ஒரு தாள் வாசகத்தின் எல்லையைக் குறுக்கிய இந்த வழக்கு, இன்று வரை புகழப்படுவதும் திட்டப்படுவதுமாக இருக்கிறது.

எண்ணிலிருந்து தொடங்குவது

புதிதாகத் தேடுகிறவர்களில் பலர் நேராக விவாதப் பதிவேட்டுக்குப் போய், பல்லாயிரம் பக்கங்களில் ஒரு சொல்லைத் துழாவி, அலுத்துப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். தேடலின் சாவி ஓர் எண். அந்த எண்ணைப் பெற்ற பிறகுதான் கதவைத் தட்ட வேண்டும்.

நடப்பிலுள்ள கூட்டாட்சிச் சட்டங்களைப் பொருள்வாரியாக அடுக்கிய தொகுப்புக்கு யு.எஸ். கோட் என்று பெயர். அது முதன்முதலில் 1926இல் வெளிவந்தது. நாம் பேசும் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுத் தடை அதன் 42ஆம் தலைப்பில் 2000இ-2 என்னும் பிரிவாக இருக்கிறது. பிரிவைப் படித்து முடித்தவுடன் அதன் அடியில் பிறைக்கோட்டுக்குள் சிறிய எழுத்தில் ஒரு வரி வரும். பப்ளிக் லா 88-352, ஏழாம் பகுதி, பிரிவு 703, 1964 ஜூலை 2, 78 ஸ்டாட். 255 என்று தொடங்கி, 1972, 1991 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களையும் அந்த வரி சொல்லும். பெரும்பாலோர் கண்ணில் படாமல் போகும் இந்த வரியைத்தான் நான் எந்தப் பிரிவிலும் முதலில் படிக்கச் சொல்வேன்.

அதில் 88 என்பது 88ஆவது காங்கிரஸ். ஒவ்வொரு காங்கிரஸும் இரண்டாண்டு நீடிக்கும். 88ஆவது 1963 ஜனவரியில் தொடங்கியது. 352 என்பது அந்தக் காங்கிரஸ் இயற்றிய பொதுச் சட்டங்களின் வரிசையில் இதன் இடம். 78 ஸ்டாட். என்பது இயற்றப்பட்ட சட்டங்களைக் கால வரிசையில் அச்சிடும் ஸ்டாச்சூட்ஸ் அட் லார்ஜ் தொகுதிகளில் 78ஆவது. சட்டம் அதில் 241ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. 703ஆம் பிரிவு 255ஆம் பக்கத்தில் வருகிறது. கோட் தொகுப்பாளர்கள் பொருளுக்கு ஏற்பப் பிரிவுகளை வெட்டி அடுக்கியிருப்பதால், காங்கிரஸ் உண்மையில் வாக்களித்த வாசகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டாச்சூட்ஸ் தொகுதிக்குத்தான் போக வேண்டும். மேலும் 42ஆம் தலைப்பு அப்படியே சட்டமாக இயற்றப்பட்டதன்று. கோட்டுக்கும் ஸ்டாச்சூட்ஸுக்கும் வேறுபாடு தென்பட்டால் பின்னதே செல்லும்.

ஒரே பிரிவின் அடியில் பல சட்டங்கள் வரிசையாக நிற்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உருவாக்க வரலாறு உண்டு. இந்தப் பிரிவில், பாகுபாடு தூண்டுகோல்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்று சொல்லும் உட்பிரிவு 1991இன் பப்ளிக் லா 102-166ஆல் சேர்க்கப்பட்டது. அதன் பொருளை 1964இன் விவாதங்களில் தேடுகிறவர், பேரன் பிறந்த கதையைத் தாத்தாவின் ஜாதகத்தில் தேடுகிறார். ஆகவே, உங்களுக்கு வேண்டிய சொற்கள் எந்த ஆண்டின் சட்டத்தால் உள்ளே வந்தன என்று முதலில் முடிவுகட்டுங்கள். தேடும் பரப்பு அப்போதே பாதியாகக் குறைந்துவிடும்.

சட்டத்தின் எண் கிடைத்ததும் அது மசோதாவாக இருந்தபோது ஏற்ற எண்ணைப் பெற வேண்டும். குடிமை உரிமைகள் சட்டத்துக்கு அது எச்.ஆர். 7152. எச்.ஆர். என்றால் பிரதிநிதிகள் சபையில் பிறந்தது, எஸ். என்றால் செனட்டில் பிறந்தது. சட்டமாவதற்கு முன் எழுந்த தாள்கள் யாவும் இந்த மசோதா எண்ணின் கீழேதான் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு காங்கிரஸும் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்குவதால், எந்தக் காங்கிரஸ் என்பதைச் சேர்த்துச் சொல்லாத மசோதா எண்ணால் பயனில்லை. 1975 முதல் ஸ்டாச்சூட்ஸ் தொகுதிகளில் ஒவ்வொரு சட்டத்தின் இறுதியிலும் மசோதா எண், குழு அறிக்கை எண்கள், விவாதம் நடந்த நாள்கள் ஆகியவற்றைச் சுருக்கக் குறிப்பாகத் தருகிறார்கள். பிற்காலச் சட்டங்களைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.

படிக்கு ஒரு தாள்

மசோதா கடக்கும் ஒவ்வொரு படியும் ஒரு தாளைப் பெற்றெடுக்கும். எந்தப் படியில் எந்தத் தாள் பிறக்க வேண்டும் என்று தெரிந்தவருக்கே, எது இல்லை என்பதும் தெரியும். தேடலில் இந்த இரண்டாவது அறிவுதான் அரியது.

1963 ஜூன் 19 அன்று அதிபர் கென்னடி குடிமை உரிமைகள் குறித்துக் காங்கிரஸுக்கு ஒரு செய்தி அனுப்பினார்; அது முதல் தாள். மறுநாள் செல்லர் எச்.ஆர். 7152ஐ அறிமுகம் செய்தார். அறிமுக வாசகம் இரண்டாவது தாள். மசோதா நீதித்துறைக் குழுவுக்குப் போனது. குழுக்கள் சாட்சிகளை அழைத்துக் கேட்கும். சாட்சியங்களும் அவர்கள் அளிக்கும் ஆவணங்களும் பெரும்பாலும் அச்சாகும். பிறகு குழு உறுப்பினர்கள் உட்கார்ந்து வரிவரியாக வாசகத்தைத் திருத்துவார்கள். இறுதியில் மசோதாவைச் சபைக்குப் பரிந்துரைக்கும்போது குழு ஓர் அறிக்கை எழுதும். மசோதா ஏன் தேவை, ஒவ்வொரு பிரிவும் என்ன செய்கிறது, இப்போதுள்ள சட்டத்தில் எந்தச் சொற்கள் மாறுகின்றன, ஒப்பாத உறுப்பினர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். மசோதாவைப் பற்றி மிகுதியாக அறிந்தவர்கள், வாக்கெடுப்புக்கு முன்பே, பிற உறுப்பினர்கள் படிப்பதற்கென்று எழுதியது என்பதால் உருவாக்க வரலாற்றில் குழு அறிக்கைக்கு உயர்ந்த இடம் உண்டு. எச்.ஆர். 7152க்கான அறிக்கை எண் 914. நாள் 1963 நவம்பர் 20. இரண்டு நாள் கழித்துக் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆனால் அந்த அறிக்கையை மட்டும் படித்துவிட்டு ஏழாம் பகுதியைப் புரிந்துகொண்டதாக எண்ணினால் ஏமாந்துபோவோம். வேலைவாய்ப்பு பற்றிய அந்தப் பகுதி, கல்வி மற்றும் தொழிலாளர் குழு ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்த எச்.ஆர். 405 என்னும் வேறொரு மசோதாவிலிருந்து எடுக்கப்பட்டது. அதற்குத் தனி அறிக்கை உண்டு, எண் 570. ஒரு மசோதா பெரும்பாலும் தனியாகப் பிறப்பதில்லை. மற்ற சபையில் அதற்கு இணை மசோதா இருக்கலாம், முந்தைய காங்கிரஸில் தோற்றுப்போன முன்னோடி இருக்கலாம், இப்படி வேறொன்றிலிருந்து பெயர்த்து நட்ட பகுதியும் இருக்கலாம். நிறைவேறிய எண்ணை மட்டும் பின்தொடர்கிறவர் இவற்றை அறவே தவறவிடுவார்.

செனட்டில் கதை வேறு விதமாகப் போனது. வழக்கப்படி மசோதா செனட்டின் நீதித்துறைக் குழுவுக்குப் போயிருக்க வேண்டும். அதன் தலைவர் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். குடிமை உரிமைகளைக் கடுமையாக எதிர்த்தவர். அங்கே போனால் மசோதா திரும்பாது என்று உணர்ந்த பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மேன்ஸ்ஃபீல்டு, 1964 பிப்ரவரி 26 அன்று அதைக் குழுவுக்கு அனுப்பாமல் நேரடியாகச் செனட்டின் அலுவல் பட்டியலில் ஏற்றினார். ஆகவே எச்.ஆர். 7152க்குச் செனட் குழு அறிக்கை என்று ஒன்று கிடையாது. இது தெரியாதவர் அதைத் தேடி நூலகங்களில் அலைவார். தெரிந்தவர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: செனட் குழுக்கள் இதே பொருளில் வேறு மசோதாக்களை விசாரித்தனவா? விசாரித்தன. உணவகம், விடுதி போன்ற பொது இடங்களைப் பற்றிய எஸ். 1732ஐ வணிகக் குழு பரிசீலித்து 872 என்னும் எண்ணில் அறிக்கை தந்திருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அட்லாண்டாவின் ஒரு விடுதி தொடுத்த வழக்கில் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிறைவேறாத அந்த இணை மசோதாவின் அறிக்கையை எடுத்தாண்டது.

செனட்டில் விவாதம் மார்ச் 30 அன்று தொடங்கியது. எதிர்ப்பாளர்கள் முடிவில்லாமல் பேசி முட்டுக்கட்டை போட்டார்கள். அதை முறிக்க அந்நாளில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஜூன் 10 அன்று 71-29 என்று விவாதம் முடிக்கப்பட்டது. குடிமை உரிமை மசோதா ஒன்றின்மீது செனட் இப்படி விவாதத்தை முடித்தது அதுவே முதல் முறை. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிஃபோர்னியா செனட்டர் கிளேர் எங்கிள், சக்கர நாற்காலியில் வந்து, தம் கண்ணைச் சுட்டிக்காட்டி வாக்களித்தார். ஆங்கிலத்தில் ‘ஆம்’ என்னும் வாக்குச் சொல்லுக்கும் கண்ணுக்கும் ஒலி ஒன்றே. வாக்கெடுப்புப் பட்டியலில் அவர் வெறும் ஒரு பெயர்தான்.

இந்த முட்டுக்கட்டையை உடைப்பதற்காகச் சிறுபான்மைக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனுடன் பேசி, மசோதாவின் இடத்தில் புதிய வாசகம் ஒன்றை வைத்தார்கள். அதற்கும் குழு அறிக்கை இல்லை. என்ன மாறியது என்பதை இரு வாசகங்களையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முக்கியமான ஒரு மாற்றம் தெரியும். பிரதிநிதிகள் சபையின் வாசகம், புதிதாக அமையும் சமவாய்ப்பு வேலைவாய்ப்பு ஆணையமே நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம் என்றது. செனட் வாசகம் அதை நீக்கிவிட்டு, பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கவும், பாகுபாடு ஒரு வாடிக்கையாகவே நடக்கும் இடங்களில் தலைமை வழக்கறிஞர் தொடுக்கவும் வழிவைத்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் 1972இன் திருத்தத்தில்தான் வந்தது. யாருடைய பேச்சையும் நம்பாமல் தாள்களை ஒப்பிட்டு மட்டுமே நிறுவக்கூடிய உண்மை இது. உருவாக்க வரலாற்றில் இவ்வகைச் சான்றையே நான் பெரிதும் மதிக்கிறேன்: பேச்சில் மிகைப்படுத்தலாம், ஆனால் ஒரு வடிவத்தில் இருந்து அடுத்த வடிவத்தில் நீக்கப்பட்ட வரி, நீக்கப்பட்டதுதான்.

ஜூன் 19 அன்று செனட் 73-27 என்று மசோதாவை நிறைவேற்றியது. இரு சபைகளின் வாசகங்களும் மாறுபட்டால், வழக்கமாக இரு சபை உறுப்பினர்களும் கொண்ட இணக்கக் குழு கூடி, பொதுவான வாசகத்தையும் விளக்க அறிக்கையையும் தரும். இரு சபைகளும் அதைப் பார்த்தே இறுதி வாக்கு அளிக்கும் என்பதால், அந்த அறிக்கை கிடைத்தால் அதுவே மற்ற எல்லாவற்றையும்விட எடை மிகுந்தது. இங்கே அதுவும் இல்லை. மசோதா மறுபடி செனட்டுக்குப் போனால் முட்டுக்கட்டையும் மறுபடி வரும் என்பதால், ஜூலை 2 அன்று பிரதிநிதிகள் சபை செனட் வாசகத்தை அப்படியே 289-126 என்று ஏற்றது. அன்று மாலையே அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

பதிவேட்டைப் படிக்கும்போது

அறிக்கைகள் இல்லாத இடத்தில் விவாதப் பதிவேட்டை நாட வேண்டியிருக்கிறது. காங்கிரஷனல் ரெக்கார்டு என்னும் இந்தப் பதிவேடு 1873 முதல் வெளிவருகிறது. அதற்கு முந்தைய விவாதங்கள் வேறு பெயர்களில் வந்த தொகுதிகளில் உள்ளன. அவற்றுள் கடைசியானது காங்கிரஷனல் குளோப். கூட்டம் நடக்கும் நாள்களில் நாளிதழ்போல ஒரு பதிப்பும், பின்னர் கட்டமைத்த நிரந்தரப் பதிப்பும் வரும். இரண்டிலும் பக்க எண்கள் வெவ்வேறு. நாள் பதிப்பில் பக்க எண்ணுக்கு முன் எச் அல்லது எஸ் என்று சபையைக் குறிக்கும் எழுத்து நிற்கும். நிரந்தரப் பதிப்பில் எண்கள் தொடர்ச்சியாக ஓடும். ஒரு தீர்ப்பில் கண்ட பக்கம் கிடைக்கவில்லை என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் தவறான பதிப்பைத் திறந்திருப்பார்கள்.

பெயர் பதிவேடு என்றாலும், சபையில் ஒலித்த சொற்களை மட்டும் கொண்டதன்று அது. உறுப்பினர்கள் தங்கள் பேச்சைத் திருத்தலாம். பேசாததையும் பின்னர்ச் சேர்க்கலாம். 1972 அக்டோபர் 16 அன்று அலாஸ்காவில் விமானத்தோடு காணாமல்போன ஹேல் பாக்ஸ் என்னும் உறுப்பினர், அக்டோபர் 18ஆம் தேதிப் பதிவேட்டில் உரையாற்றியிருக்கிறார். இத்தகைய கேலிக்கூத்துகளுக்குப் பிறகு, பேசப்படாத பகுதிகளைச் செனட் பக்கங்களில் கரும்புள்ளியிட்டும் சபைப் பக்கங்களில் வேறு எழுத்துருவிலும் காட்டும் வழக்கம் வந்தது. ஆனாலும் ஏமாற்றம் முற்றாக நீங்கவில்லை. 2005இல் கைதிகளை அரசு நடத்தும் முறை பற்றிய சட்டம் ஒன்றைக் குறித்து லிண்ட்சே கிரஹாம், ஜான் கைல் ஆகிய இரு செனட்டர்கள் உரையாடுவதுபோல் ஒரு நீண்ட பகுதி பதிவேட்டில் வந்தது. அது விவாதம் முடிந்தபின் செருகப்பட்டதாகத் தெரிகிறது என்று 2006இல் ஹம்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அடிக்குறிப்பில் சுட்டி, அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு கூற்றைப் படிக்கும்போது யார் சொன்னார் என்பதோடு, வாக்களித்தவர்கள் அதைக் கேட்டிருக்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1964 பிப்ரவரி 8இன் பக்கங்களுக்கு வருவோம். ஸ்மித் பேசும்போது சபையில் சிரிப்பு எழுந்தது பதிவாகியிருக்கிறது. பெண்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுகிறார்கள் என்பதற்கு இந்தச் சிரிப்பே சான்று என்னும் கருத்துப்பட, மிச்சிகன் உறுப்பினர் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். ஓரெகன் உறுப்பினர் ஈடித் கிரீன், கறுப்பினத்தவரின் உரிமைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று எதிர்த்துப் பேசினார். பிறகு வாக்கெடுப்பு. உறுப்பினர்கள் வரிசையாக நடந்துசெல்ல, எண்ணுவோர் தலைகளை மட்டும் எண்ணும் முறை அது, பெயர்கள் குறிக்கப்படுவதில்லை. 168 பேர் ஆதரித்தார்கள் என்று தெரியும், யார் யார் என்று பதிவேடு சொல்லாது. பெயர் குறிக்கும் வழி 1970இன் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகே வந்தது.

மசோதாவைக் கவிழ்ப்பதற்காக ஸ்மித் இதைக் கொண்டுவந்தாரா, உண்மையாகவே பெண்களின் உரிமையை நாடினாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அவருடைய மனம் அவ்வளவு முக்கியமில்லை. வாக்களித்த சபையின் நோக்கமே முக்கியம். அதை அறியச் சாட்சிய விசாரணை இல்லை, குழு அறிக்கையில் ஒரு வரி இல்லை, சில மணி நேரப் பேச்சு மட்டுமே இருக்கிறது. 1986இல் பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய வழக்கில் நீதிபதி ரென்குவிஸ்ட், கடைசி நேரத்தில் இது சேர்க்கப்பட்டதால் வழிகாட்டக்கூடிய உருவாக்க வரலாறு சொற்பமே என்று எழுதினார். அந்த வழக்கில் தீர்ப்பு பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சாதகமாக அமைந்தது. பத்தாண்டுக்கு முன், 1976இல், கர்ப்பிணிகளுக்கு நிறுவனம் உதவித்தொகை மறுப்பது பால் பாகுபாடு ஆகாது என்று அதே நீதிபதி எழுதிய தீர்ப்பிலும் இந்தச் சொற்ப வரலாறு பேசப்பட்டது. காங்கிரஸ் அதை ஏற்காமல் 1978இல் பப்ளிக் லா 95-555ஐ இயற்றி, கர்ப்பத்தைக் காரணமாக்குவதும் பால் பாகுபாடே என்று எழுதிவைத்தது.

எடை போடுவது

எல்லாத் தாள்களையும் சேர்த்துவிட்டாலும் விடை தானாக வந்துவிடாது. 1979இல் வெபர் வழக்கில், கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பயிற்சியில் பாதி இடம் ஒதுக்கிய ஒரு நிறுவனத் திட்டம் ஏழாம் பகுதியை மீறுகிறதா என்ற கேள்வி எழுந்தது. மீறவில்லை என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிரென்னனும், மீறுகிறது என்று மாறுபட்ட ரென்குவிஸ்ட்டும் ஒரே 1964 விவாதங்களைத்தான் புரட்டினார்கள். மேலே சொன்ன 1892இன் தேவாலய வழக்கையும் பிரென்னன் துணைக்கு அழைத்தார். உருவாக்க வரலாற்றை மேற்கோள் காட்டுவது ஒரு கூட்டத்தில் கண்ணை ஓட்டித் தன் நண்பர்களைப் பொறுக்கியெடுப்பது போன்றது என்று ஹரால்ட் லெவந்தால் என்னும் நீதிபதி சொன்னதாக வழங்கும் கிண்டலை, நீதிபதி ஸ்காலியா விரும்பி எடுத்தாண்டார். சபைகள் வாக்களித்தது வாசகத்துக்கு மட்டுமே, குழு ஊழியர்கள் எழுதிய அறிக்கைக்கு அன்று என்பது அவருடைய வாதம். 2020இல் போஸ்டாக் வழக்கில், ஒருபாலீர்ப்பு உள்ளவரையும் திருநரையும் அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்வது ‘பால்’ என்னும் அதே சொல்லின் கீழ் வரும் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தபோது, வாசகம் தெளிவாக இருக்கையில் 1964இல் எவர் என்ன நினைத்தார் என்று தேட வேண்டியதில்லை என்றே நீதிபதி கோர்சச் எழுதினார்.

என் பார்வையில் இந்தக் கண்டனங்கள், தேடலைக் கைவிடச் சொல்வதைவிட நேர்மையாகச் செய்யச் சொல்கின்றன. இணக்கக் குழு அறிக்கை, பிறகு சபைக் குழு அறிக்கைகள், பிறகு மசோதாவை முன்னின்று நடத்தியவரின் விளக்கம், அதற்கும் கீழே மற்ற உறுப்பினர்களின் பேச்சு, சாட்சியங்கள் என்று பொதுவாக எடை இறங்கிக்கொண்டே போகும். எதிர்த்து வாக்களித்தவர், இந்தச் சட்டம் வந்தால் இன்னின்ன கேடு விளையும் என்று பயமுறுத்தியதைச் சட்டத்தின் பொருளாகக் கொள்ளக் கூடாது. உங்கள் வாதத்துக்கு எதிரான பக்கத்தையும் குறித்துவைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.

இன்று வீட்டில் இருந்தபடியே பெரும்பகுதி வேலையை முடிக்கலாம். காங்கிரஸ் நூலகம் நடத்தும் காங்கிரஸ்.கவ் தளத்தில் 1973 முதலான மசோதாக்களின் சுருக்கங்களும், 1989 முதலான வாசகங்களும், 1995 முதலான குழு அறிக்கைகளும் உள்ளன. அரசு வெளியீட்டு அலுவலகத்தின் கவ்இன்ஃபோ.கவ் தளத்தில் 1873இலிருந்து பதிவேட்டின் நிரந்தரப் பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பழைய குழு அறிக்கைகள் 1817இல் தொடங்கும் சீரியல் செட் என்னும் பெருந்தொகுப்பில் உள்ளன. அச்சாகாத குழு ஆவணங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொதுவாகச் செனட்டின் தாள்கள் 20 ஆண்டு கழித்தும் பிரதிநிதிகள் சபையின் தாள்கள் 30 ஆண்டு கழித்தும் திறக்கப்படும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, வேறு யாராவது இந்த வேலையைச் செய்து தொகுத்திருக்கிறார்களா என்று ஒரு சட்ட நூலகரிடம் கேட்டுவிடுங்கள். ஏழாம் பகுதிக்கான ஆவணங்களைச் சமவாய்ப்பு வேலைவாய்ப்பு ஆணையமே 1968இல் தொகுத்து அச்சிட்டுவிட்டது.

பழகிப் பார்க்க ஒரு சட்டத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பும் தமிழ் வாசகருக்கு, நம்மவர் பலரின் குடும்பக் கதையோடு தொடர்புள்ள பப்ளிக் லா 89-236 பொருத்தமாக இருக்கும். நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்து ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் அது. மசோதா எண் எச்.ஆர். 2580, கொண்டுவந்தவர் அதே இமானுவேல் செல்லர், செனட்டில் ஃபிலிப் ஹார்ட் கொண்டுவந்த எஸ். 500 அதன் இணை. குடிமை உரிமைகள் சட்டத்தைப் போலன்றி, இதற்கு இரு சபைக் குழுக்களின் அறிக்கைகளும் இணக்கக் குழு அறிக்கையும் உள்ளன. அறிமுகமான வாசகத்தில் சிறப்புத் திறன் உடையோர் முன்னுரிமை வரிசையின் முதலிடத்தில் இருந்தார்கள். 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான வாசகத்தில் குடும்ப உறவினர் முன்னே வந்து மொத்த இடங்களில் 74 விழுக்காட்டைப் பெற, மருத்துவர், பொறியாளர் போன்றோர் 10 விழுக்காட்டோடு மூன்றாம் இடத்துக்குப் போயிருந்தார்கள். அறிமுக வாசகம், சபைக் குழு அறிக்கை, செனட் குழு அறிக்கை, இணக்கக் குழு அறிக்கை ஆகிய நான்கையும் இந்த வரிசையில் அடுக்கிவைத்து, அந்த இடமாற்றம் எந்தப் படியில் நடந்தது, அதற்குக் குழு எழுதிய காரணம் என்ன என்று தேடத் தொடங்கலாம்.